பகேரியாவில் ஒரு கெட்ரிக் கார்

பழைய கார் ஓடுகிற தொழிலில் ஓடுவது கொஞ்சம், துடைப்பது கூடுதல், தள்ளுவது எல்லாவற்றையும்விடக் கூடுதல். பிறர் வீட்டுப் பொருளைத் துடைத்துச் சோறு தின்ற ஆட்களுக்கு இதை நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. சிஞ்ஞோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், பளிங்குத் தரையைத் தேய்த்தவர்கள், அவருடைய நாயைக் குளிப்பாட்டியவர்கள், அவருடைய தாயைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கடற்கரைக்குத் தள்ளிப் போனவர்கள், எல்லாரும் என் கட்சிதான். உங்களுக்கு வாய்த்தது தரை, நாய், தாய். எனக்கு வாய்த்தது ஒரு கார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தேன். பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு அறையில் எங்கள் ஊர்ப் பெடியளோடு நெருக்கியடித்துக் கொஞ்சக் காலம் கிடந்துவிட்டு, பக்கத்து ஊரான பகேரியாவில் சிஞ்ஞோரா அடெலே வீட்டில் வேலைக்குப் போனேன். சிஞ்ஞோராவின் கணவர் உயிரோடு இல்லை, பிள்ளைகளும் இல்லை. மூக்குடைந்த கற்சிலைகள் நிற்கும் பழைய வில்லா, பின்னால் எலுமிச்சைத் தோட்டம், முன்பு குதிரைகள் கட்டிய கொட்டில் இப்போது கராஜ், அதற்குள்ளே ஒரு அமெரிக்கக் கார். முதலாம் உலக யுத்தத்துக்கு முந்தியது. பெரிய பித்தளை விளக்குகள், மடித்துவிடக்கூடிய கன்வஸ் கூரை, குடும்பத்தோடு ஏறி ஊர் சுற்றுவதற்கென்று செய்த டூரிங் கார். சிஞ்ஞோரா அதைக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இருக்கக் கொடுத்தது கராஜுக்கு மேலே இருந்த அறை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சிவமலர் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். அவளை இங்கே எடுப்பதற்கு எனக்கு ஒழுங்கான வேலை இருக்க வேண்டும், இருக்க இடம் வேண்டும், காலாவதியாகாத பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, வேண்டும். என் வேலை அந்தக் கார். என் இடம் அந்தக் காருக்கு மேலே. பெர்மெஸ்ஸோ அந்த வேலையைக் காட்டி எடுத்தது. கார் போனால் மூன்றும் போகும், சிவமலர் லொட்ஜிலேயே இருப்பாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

வலப்பக்கத்து ஸ்டியரிங்

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் பெனடிக் அண்ணை. மன்னார் ஆள். பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில் குசினி வேலை செய்தார். தோட்டம் கூட்ட ஆள் தேவையாம் என்று மட்டும்தான் சொல்லி ரயிலில் ஏற்றினார். சிஞ்ஞோரா என்னை மேலும் கீழும் பார்த்தார். யோகநாதன் என்ற பெயரை ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு, அது தனக்குச் சரிவராது என்று நினோ என்று கூப்பிட்டார். பிறகு, கார் ஓடத் தெரியுமா என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் மினிபஸ் ஓடியவன் வேறென்ன சொல்வான். கராஜைத் திறந்து விட்டார்.

ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்கள் பலவற்றில் அப்படித்தானாம். எனக்கு முன் வந்த சாரதிகள் இரண்டொரு நாள் ஓடிப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று நின்றுவிட்டார்களாம். எனக்கோ சொந்த வீட்டுக்குள் போனது போல இருந்தது. முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுழற்றினேன். கார் இருமிக்கொண்டு எழும்பியது. சிஞ்ஞோரா கைதட்டினார். அந்த உற்சாகத்தில் படலையால் வெளியே எடுத்தேன். ஆனால் வலப்பக்கத்து ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்கு இத்தாலி எங்கே தெரியும். றோட்டின் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாகப் போனேன். எதிரே மரக்கறி ஏற்றிய மூன்று சில்லு வண்டியில் ஒரு கிழவர் வந்தார். மூக்கோடு மூக்கு முட்டாத குறையாக இரண்டு பேரும் நின்றோம். அவர் ஆறுதலாக இறங்கி, காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, என்னையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"காரும் பிழைப் பக்கம், சாரதியும் பிழைப் பக்கம். உங்கள் ரெண்டு பேரையும் ஒரே கப்பலிலையோ இறக்கினவங்கள்?"

அடுப்புக்காரச் சகோதரர்கள்

இது என்ன கார் என்று கேட்காத கலியாண வீடு கிடையாது. கெட்ரிக் என்று சொன்னால், அப்படி ஒன்றா, எங்கே இருக்கிறது அந்தக் கொம்பனி என்று அடுத்த கேள்வி வரும். அது எங்கேயும் இல்லை. சிஞ்ஞோராவின் மாமனார் இளம் வயதில் அமெரிக்காவுக்குப் போய் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவர் சொன்ன கதையை சிஞ்ஞோரா எனக்குச் சொன்னார். கெட்ரிக் சகோதரர்கள் இரண்டு பேர் இரும்பு அடுப்புச் செய்து நல்லாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஊரெல்லாம் கார் செய்கிறதைப் பார்த்து அவர்களுக்கும் ஆசை வந்தது. பெரிய கார்தான் விற்கும் என்று தமையன், சின்னக் கார்தான் விற்கும் என்று தம்பி. அவர்கள் பிடுங்குப்பட்டு முடிவதற்குள் மற்றவர்கள் பெரியதையும் விற்றார்கள், சின்னதையும் விற்றார்கள். நாலைந்து வருடத்தில் கதவை மூடிவிட்டார்கள். கடைசியாக வெளியே வந்த கார்களில் ஒன்றோடு சிஞ்ஞோராவின் மாமனார் சிசிலிக்குத் திரும்பினார்.

இதில் எங்களைப் போன்றவர்களுக்கு விளங்கவேண்டிய விஷயம், அந்தக் காருக்கு உலகத்தில் எங்கேயும் பாகம் வாங்க முடியாது என்பது. ஒரு வாஷர் தேய்ந்தால் பழைய சப்பாத்துத் தோலை வெட்டிப் போடுவேன். கூரைக் கன்வஸ் கிழிந்தபோது பல்லரோவில் மீன்கடைக்கு மேலே கட்டுகிற பந்தல் துணியை வாங்கி, எங்கள் ஆள் ஒருவரைக் கொண்டு தைப்பித்தேன். வெயில் நாட்களில் அதிலிருந்து கணவாய் மணம் லேசாக வரும்.

ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பா வைன் கிளாசோடு வந்து காரில் சாய்ந்துகொண்டு கதை கேட்டார். நானும் அடுப்பிலிருந்து ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். அவர் இருபது வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் உழைத்து, அந்த வருடம்தான் வேலை போய் வீட்டில் இருக்கிறவராம். கேட்டு முடித்துவிட்டு பொனெட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"கொம்பனியை மூடிப்போட்டாங்கள், கார் ஓடுது. நான் வேலை செய்த கொம்பனி நல்லா ஓடுது, மூடினது என்னைத்தான்."

மண்ணெண்ணெய் மணம்

தொண்ணூறில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், பொருளாதாரத் தடையால் பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் வாங்குகிற சாமான். காபரேட்டருக்குள் நாலு துளி விட்டு ஸ்டார்ட் பண்ணுவோம், பிறகு முழுப் பயணமும் மண்ணெண்ணெயில். கெட்ரிக்கோ பெற்றோலைத் தண்ணீராகக் குடித்தது. சிஞ்ஞோரா அதைச் சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டார். அவருக்கு ஒரு நன்மை செய்து பார்ப்போம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமைக் கலியாணத்துக்குத் தாங்கியில் மண்ணெண்ணெயை நிரப்பினேன். பழைய எஞ்சின், ஒரு முறைப்பாடும் இல்லாமல் எடுத்துக்கொண்டது.

அன்றைக்குப் பார்த்து மழை தூறியது. கூரையை விரித்து, இருபக்கத்துத் திரைகளையும் இறக்கி, உள்ளே கலியாணப் பெண்ணை வெள்ளை உடுப்போடு இருத்தினேன். ஊருக்குக் குறுக்கே போய் மாதா கோவில் வாசலில் நிற்பாட்டித் திரையைத் தூக்கினால், புகை முதலில் இறங்கியது, அதற்குப் பிறகு பெண் இறங்கினாள். உடுப்பு வெள்ளையாகத்தான் இருந்தது. மணம்தான் மண்ணெண்ணெய் அடுப்பு மணம். பெண்ணின் தாய்க்கு முகம் கறுத்துவிட்டது. நான் எஞ்சினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். பெண் சட்டம் படித்தவள், ஒரே பிள்ளை, குசினிப் பக்கமே போகாதவள் என்று ஊரில் பேச்சு. மாமியார் படியிலிருந்து இறங்கி வந்து மருமகளின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார்.

"இவளுக்குச் சமைக்கத் தெரியாதெண்டு எனக்குச் சொன்ன ஆக்கள் எல்லாரும் பொய் சொல்லியிருக்கினம்."

ஸ்தாசியோனே முன்னால்

பலெர்மோ நகரத்துக்குள் கலியாணம் என்றால் எனக்கு விருப்பமில்லை. அந்தக் காருக்குச் சனம் பிடிக்காது. ஒருநாள் ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு முன்னால், பஸ்கள் எல்லாம் வந்து சுற்றுகிற இடத்தில், நட்டநடுவே நின்றுவிட்டது. ஹாண்டிலைச் சுழற்றினேன், அசையவில்லை. பின்னால் பஸ்காரர்கள் ஹோனை அமத்திக்கொண்டு இருந்தார்கள். ரயிலால் இறங்கி வந்த சனம் பெட்டிகளை வைத்துவிட்டு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து பத்திரங்களைக் கேட்டார்.

காரின் பழைய பதிவுப் புத்தகத்தில் அமெரிக்கக் கார் என்று மட்டும்தான் எழுதியிருக்கும். அதைப் பார்த்தார், என்ன கார் என்று கேட்டார், மூடிப்போன கெட்ரிக் கொம்பனியின் கதையைச் சொன்னேன். என் பெர்மெஸ்ஸோவைப் பார்த்தார். அது முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது, புதுப்பிக்க விண்ணப்பம் கொடுத்திருந்தேன். ஒரு சின்னக் குற்றம் எழுதினாலும் சிவமலரை எடுக்கிற விஷயம் என்னாகும் என்றுதான் அந்த நேரத்திலும் மனதில் ஓடியது. அவர் இரண்டையும் மடித்து என் சட்டைப் பையிலேயே திருப்பி வைத்தார். தொப்பியைக் கழற்றி முன் ஆசனத்தில் போட்டுவிட்டுத் தள்ளுவதற்குப் பின்னால் போனார்.

"உன்ரை பெர்மெஸ்ஸோ வாற மாசம் முடியுது, இதைச் செய்தவங்கள் முடிஞ்சு எவ்வளவோ காலம். ஆனா என்ரை சந்தியை விட்டுப் போறதுக்கு ரெண்டு பேருக்கும் மனமில்லை."

நாலு எலுமிச்சம்பழம்

பலெர்மோவில் இருந்த எங்கள் ஆட்களின் கண்ணில் இந்தக் கார் படாமல் இருக்குமா. அவர்களில் ஒருவரான செல்வம் அண்ணையின் மகள் கிருத்திகாவுக்குச் சாமத்தியவீடு, பிள்ளை பெரியவளான சடங்கு, வந்தது. மண்டபம் எடுத்தாயிற்று, வீடியோக்காரர் பிடித்தாயிற்று, பிள்ளை வந்து இறங்க ஒரு வாகனம்தான் குறை. தயங்கித் தயங்கி சிஞ்ஞோராவிடம் கேட்டேன். அவர் காரைச் சும்மா தந்தார், தானும் வருவேன் என்று நிபந்தனை போட்டார். முத்துமாலை போட்டுக்கொண்டு முன் ஆசனத்தில் எனக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார்.

புறப்பட முன் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். ஊர்த் தேசிக்காய், அந்தச் சின்ன எலுமிச்சை, அன்றைக்குக் கிடைக்கவில்லை. சிஞ்ஞோராவின் தோட்டத்து எலுமிச்சையில் நாலு பறித்துக்கொண்டு வந்திருந்தேன். சிசிலி எலுமிச்சை தெரியும்தானே, ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் தலையளவு, தோல் விரல் தடிப்பம். கெட்ரிக்கின் சில்லோ மெல்லியது, உயரமானது. காரை எடுத்தால் பழம் நசியவில்லை, சில்லுக்கு முன்னால் உருண்டு உருண்டு போனது. நசியாமல் போனால் கூடாது என்று பெண்கள் மறித்தார்கள். பின்னுக்கு எடுத்துத் திரும்ப வைத்தார்கள். இந்தமுறை சில்லு பாதி ஏறி, ஏலாமல் இறங்கி, எஞ்சின் நின்றது. "அண்ணை, இன்னும் ஒருக்கா, நல்லா வருது" என்று வீடியோக்காரர் சொன்னார். சிஞ்ஞோராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் கத்தியால் பழத்தைப் பிளந்து வைத்துத்தான் சடங்கை ஒப்பேற்றினோம். பின்னால் பட்டுச்சேலையும் நகையுமாக வேர்த்து வடிந்துகொண்டிருந்த கிருத்திகா பலெர்மோப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள், அவளுக்குக் கார் எப்போதும் மாக்கினாதான்.

"மம்மா மீயா, மாமா, ஒரு லிமோனேக்குப் பயப்பிடுற மாக்கினாவிலையோ என்னை ஏத்தினீங்கள்?"

வெள்ளவத்தையில் படம்

அந்த வீடியோ கசெட் கனடாவுக்குப் போனது, லண்டனுக்குப் போனது, ஒரு பிரதி வெள்ளவத்தைக்கும் போனது. செல்வம் அண்ணையின் தங்கச்சியும் சிவமலர் இருந்த லொட்ஜில்தான் இருந்தார். லொட்ஜ் முழுவதும் கூடியிருந்து பார்த்திருக்கிறார்கள். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு, பித்தளை விளக்கில் ஒரு கையை வைத்தபடி நிற்கிற காட்சியை வீடியோக்காரர் பூக்களுக்கு நடுவே வைத்துச் சுழற்றியிருந்தாராம். சாரதி என்று அதில் எங்கேயும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்தாசியோனே பக்கம் இருந்த ஒரு தொலைபேசிக் கடையில் இருந்துதான் அவளுக்கு எடுப்பேன். அன்றைக்கு அவள் குரல் கேட்டதும் எனக்கு ஒரே பெருமை, படம் எப்படி என்று கேட்டேன். கார் என்னுடையது இல்லை என்று எத்தனையோ தரம் சொன்னவன்தான். அவளும் ஓம் ஓம் என்றுதான் கேட்டிருப்பாள். படத்தைப் பார்த்த பிறகு அவளே என்னை நம்பவில்லை. எப்போது கூப்பிடுவீர்கள் என்று அவள் கேட்கவில்லை, கேட்காமல் விட்டதுதான் எனக்கு வலித்தது. வேறு ஒன்றைத்தான் சொன்னாள்.

"உங்களைக் காரோடை பாத்தாப்பிறகு லொட்ஜ்காரன் வாடகையைக் கூட்டிப்போட்டான், கெதியாக் கூப்பிடுங்கோ எண்டு அவனும் சொல்லுறான்."

பூதக்கண்ணாடிக்காரர்

சிஞ்ஞோராவின் கணவருடைய தம்பி மகன், எங்கள் முறையில் பெறாமகன், கொராடோ என்று பெயர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பெருநாளுக்கு எனக்கும் கேக் கொண்டுவருவார். ஆனால் ஒரு இடம் சும்மா இருந்தால் அவருக்குப் பொறுக்காது. காரை விற்றுவிட்டு கராஜில் வீடியோக் கடை போடலாம், மேலறையில் கசெட் அடுக்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார். வடக்கே தொரீனோ பக்கத்தில் இருந்து பழைய கார் சேர்க்கிறவர் ஒருவர் வரப்போகிறார் என்றும் சொன்னார். சிஞ்ஞோராவால் மறுக்க முடியவில்லை. அவருக்கு முதுமை, பக்கத்தில் இருக்கிற சொந்தம் கொராடோ ஒருவர்தான். நான் மேலே போய்க் கட்டிலில் இருந்தேன். சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வேலை இல்லை, இடம் இல்லை, சிவமலருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவ்வளவு பயம் எனக்கு இத்தாலிக்குக் கப்பலில் வரும்போதுகூட வரவில்லை.

பெனடிக் அண்ணையிடம் போய் அழுதேன். "தம்பி, அவன் வாற அண்டைக்கு ஒரு வயரைக் கழட்டி விடு, ஓடாத காரை ஆர் வாங்கப்போறான்" என்றார். கழற்றத்தான் போனேன். பொனெட்டைத் திறந்து, வயரில் கையும் வைத்தேன். ஆனால் அந்தக் கார் ஒரு வெளியாளுக்கு முன்னால் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. மூடிவிட்டு, வழக்கத்தைவிட ஒரு மடங்கு கூடுதலாகத் துடைத்து வைத்தேன். எங்கள் ஆட்களின் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

வந்தவர் தங்கமான மனிதர். கையில் பூதக்கண்ணாடி, காலில் மழைச் சப்பாத்து. ஹாண்டிலைச் சுழற்றிய உடனே கார் எழும்பியது, அவருக்குக் கண் கலங்கியது, கொராடோ சிரித்தார். பந்தல் துணிக் கூரையையும் சப்பாத்துத் தோல் வாஷரையும் மன்னித்தார். கடைசியாக, ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த பித்தளைத் தகட்டைப் பார்க்க வேண்டும் என்றார். கொம்பனியின் பெயரும் காரின் இலக்கமும் பொறித்த தகடு. நான் பெருமையோடு கையைக் காட்டினேன். காரிலேயே மினுங்குகிற சாமான் அதுதான். அவர் பூதக்கண்ணாடியை வைத்தார், தகட்டில் மூச்சை ஊதினார், வெளிச்சத்துக்கு முகத்தைச் சரித்துப் பார்த்தார். பிறகு, இதை எதனால் மினுக்குகிறாய் என்று கேட்டார். வேறெதனால், ஊரில் குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி, பழப்புளியும் செங்கட்டித் தூளும் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்க்கிறது, வெள்ளிக்கிழமை தவறாமல். வந்த காலத்தில் எழுத்து இருந்தது எனக்கு நினைவு. கடைசி எழுத்து எந்த வெள்ளிக்கிழமை போனது என்று எனக்குத் தெரியாது. தகட்டில் இப்போது அவருடைய முகம் மட்டும்தான் தெரிந்தது.

கொராடோ சுவரோடு சாய்ந்துவிட்டார். இது கெட்ரிக்தான் என்று எல்லாருக்கும் தெரியுமே என்றார். வந்தவர் கார்ப் படியில் குந்தி இருந்து தொடையைத் தடவிக்கொண்டு, சிஞ்ஞோராவைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்:

"எஞ்சின் ஒருத்தன் செய்தது சிஞ்ஞோரா, கியர்ப்பெட்டி இன்னொருத்தன் செய்தது, சில்லு வேறொருத்தன் செய்தது. கெட்ரிக் சொந்தமாச் செய்தது இந்தத் தகடு ஒண்டைத்தான். அதையும் உங்கட ஆள் மினுக்கி முடிச்சுப்போட்டார்."

குவெஸ்தூராவில்

அவர் காரை வாங்காமல் ரயிலுக்குப் போன பிறகு கொராடோ கத்திய கத்தலை நான் எழுதப்போவதில்லை. கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். சிஞ்ஞோரா தனியாகக் காரில் ஏறி இருந்து, அந்தத் தகட்டைத் தடவிப் பார்த்தார், அதில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமயிரை ஒதுக்கினார். துணியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இனிப் போ என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது, உன் மனைவியைக் கூப்பிட நான் எங்கே வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று.

அடுத்த கிழமை அதே காரில் அவரைப் பலெர்மோவுக்குக் கொண்டு போனேன். பெர்மெஸ்ஸோ கொடுக்கிற பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவின் வரிசையில் அரைவாசிப்பேர் எங்கள் ஆட்கள். முத்துமாலையோடு ஒரு சிஞ்ஞோரா அந்த வரிசையில் பொறுமையாக நின்றதை இன்றைக்கும் சிலர் சொல்லுவார்கள். யன்னலுக்குப் பின்னால் இருந்தவர் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். என்ன வேலை? சாரதி. என்ன வாகனம்? சிஞ்ஞோரா கெட்ரிக் என்று சொல்லுவார் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கைப்பையை யன்னல் பலகையில் வைத்துவிட்டு, குனிந்து, உள்ளே இருந்தவருக்கு நல்லாகக் கேட்கும்படி சொன்னார்:

"காருக்குப் பேர் இல்லை, சாரதிக்கு இருக்கு. அதைப் பிழையில்லாமல் எழுதுங்கோ, மற்றதை விடுங்கோ."

பந்தல் துணிக்குக் கீழே

சிவமலர் வந்த நாளில் விமான நிலையத்துக்கு இந்தக் காரில்தான் போக வேண்டும் என்று சிஞ்ஞோராவின் கட்டளை. விமான நிலையம் பலெர்மோவுக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். பெருந்தெருவில் இதை ஏற்றமாட்டார்கள் என்று கடற்கரை றோட்டால் விடிய வெளிக்கிட்டேன். அவள் பட்டுச்சேலைக்கு மேலே யாரோ கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெட்டியோடு வெளியே வந்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன், நல்லாக மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும் அழுதாள், நானும் அழுதேன். பிறகு காரைக் கண்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிவரப் பார்த்தாள். வீடியோவில் பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கிறது என்றாள். ராணி மாதிரி ஏறி இருந்தாள்.

பாதி வழியில் ஒரு ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. மாசிமாதக் காற்று, ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் மலை, மனிதப் பூச்சி இல்லை. நான் ஹாண்டிலைச் சுழற்றிக் களைத்துப்போனேன். ஆறுதலாக இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பின்னுக்குப் போனாள். நான் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு பக்கத்தால் தள்ள, அவள் பின்னால் தள்ள, ஏற்றம் முடிந்து இறக்கத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஓடிவந்து ஏறினாள். பந்தல் துணியிலிருந்து வந்த கணவாய் மணத்தை மோந்து பார்த்தாள். பிறகு, ஒரு வருத்தமும் இல்லாமல், வீட்டுக் காரியம் கதைக்கிற மாதிரிக் கேட்டாள்:

"என்னப்பா, இவ்வளவு காலம் உழைச்சியள், இந்தப் பழசை ஆருக்காவது வித்துப்போட்டு ஒரு நல்ல காரா வாங்கியிருக்கலாமே?"

கார் என்னுடையது இல்லை என்பதைப் பொலிஸ்காரரும் நம்பினார், குவெஸ்தூராவும் நம்பியது, கெட்ரிக் சகோதரர்கள் இருந்திருந்தால் அவர்களும் நம்பியிருப்பார்கள், சிவமலர் மட்டும் இன்றுவரைக்கும் நம்பவில்லை.